ராயபுரத்தில் காலையில் சின்ன ஜாதி நாயோடு நடப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம்.

கல்மண்டபத்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை வரைக்கும் காலை ஐந்தரை மணிக்கு நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் முகம் தெரியும். நம் பேர் தெரியாது, நாயின் பேர்தான் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் ஒரு தெருமுனையில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளை ஸ்பிட்ஸ் ஒன்று, 5 கிலோ இருந்தால் அதிகம், மீன் கூடையை இறக்கி வைத்திருந்த ஒரு அம்மா பக்கம் மூக்கை நீட்டியது. பிடித்திருந்தவர் போனில் பேசிக்கொண்டே செயினை ஒரு வெட்டு வெட்டினார். முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பி, பின்னங்காலிலேயே நாலு எட்டு தத்தியது. கால் தரையில் பட்டதும் வாத்து கத்துகிற மாதிரி ஒரு இருமல். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். லேபரடார் வைத்திருப்பவர் எப்படியாவது அதற்கு நடக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார், இல்லாவிட்டால் அது அவரைத் தரதரவென்று டி.எச். ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். நம் பொமரேனியனுக்கும் பக்குக்கும் ஷிட்சூவுக்கும் நாம் கற்றுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் அதை இழுக்க நமக்குப் பலம் இருக்கிறது, அவ்வளவுதான். பொது இடத்தில் நாயைக் கயிறு கட்டித்தான் கூட்டிவர வேண்டும் என்று மாநகராட்சி சொல்கிறது, சரிதான், கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டுவது வேறு, கட்டிய கயிற்றோடு நடக்கப் பழக்குவது வேறு.

என் ஜூலிக்கும் இந்த இருமல் வந்தது. சளி என்று நினைத்துக்கொண்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார், அதே வாத்துச் சத்தம். சின்ன ஜாதி நாய்களில் பலவற்றுக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் பலவீனமாகி, குழாய் தட்டையாகிவிடும் கோளாறு உண்டு, கழுத்து பெல்ட்டைப் பிடித்து இழுக்க இழுக்க அது மோசமாகும் என்றார். பக், ஷிட்சூ மாதிரி கண் பிதுங்கிய நாய்களுக்குக் கழுத்தை நெரித்தால் கண்ணிலும் அழுத்தம் ஏறும். அன்றைக்கே பாடி பெல்ட் வாங்கினேன். நெஞ்சின் குறுக்கே மார்பெலும்பில் உட்காரும்படி, கழுத்தில் ஏறாத மாதிரி, இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்ட வேண்டும். கயிறு 5, 6 அடி போதும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற கயிறு நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். இழுத்தால் நீளும் என்று நாய் படித்துக்கொள்ளும், அப்புறம் ஷேர் ஆட்டோ வருகிற நேரத்தில் அது ரோட்டு நடுவில் நிற்கும்.

பழக்குவதை வீட்டுக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். தடுப்பூசி முடியாத குட்டியாக இருந்தால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டிகள் பிழைப்பது கஷ்டம். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எட்டு வையுங்கள், அது காலோடு ஒட்டி வந்தால், உங்கள் கணுக்கால் பக்கத்திலேயே கொடுங்கள். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் ஓடும். சின்ன நாய்க்குக் குனிய வேண்டியிருக்கும், முதுகு வலிப்பவர்கள் தரையில் போட்டால் போதும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

தெருவில் இறங்கியபின் ஒரே சட்டம்தான். கயிறு துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொய்வாக இருந்தால் நடை, விறைத்தால் நின்றுவிடுங்கள். இழுக்காதீர்கள், திட்டாதீர்கள், சும்மா நில்லுங்கள். அது திரும்பிப் பார்க்கும், கயிறு தொய்யும், உடனே நடங்கள். முதல் வாரம் எனக்கு எங்கள் தெருவைத் தாண்டவே இருபது நிமிடம் ஆனது, பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒருநாள் நின்று, மறுநாள் அவசரத்தில் இழுபட்டுக்கொண்டே போனால் மட்டும் எல்லாம் பாழ்.

மீன் கூடை விஷயத்துக்கு வருகிறேன். காசிமேட்டுக் காற்றில் வளரும் நாய்க்கு அந்த வாசனையைவிட நம் கோழித்துண்டு பெரிதில்லை. அதனால் நான் அதை எதிர்ப்பதை விட்டுவிட்டேன். கூடைக்குப் பத்தடி முன்னாலேயே நின்று, ஜூலி கயிறு தொய்ய ஐந்து எட்டு நடந்தால் “சரி, போ” என்று அந்த ஈர ரோட்டை மோந்து பார்க்க விடுகிறேன், கூடைக்கார அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான். இப்போது கூடையைப் பார்த்ததும் அது முதலில் என் முகத்தைப் பார்க்கிறது. மோந்து பார்ப்பது நாய்க்குப் பேப்பர் படிக்கிற மாதிரி, அதைப் பிடுங்கிக்கொண்டால் வாக்கிங்கில் அதற்கு என்ன இருக்கிறது?

தெரு நாய்கள் வந்தால் தயவுசெய்து செயினைப் பிடித்துத் தூக்காதீர்கள். தூரத்திலேயே பார்த்து எதிர்ப்பக்கம் போய்விடலாம், தூக்கியே ஆக வேண்டுமென்றால் நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். அப்புறம் வெயில். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு வாக்கிங் வேண்டாம்.

ஸ்பிட்ஸ் வைத்திருக்கிற அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஜூலியின் பழைய பாடி பெல்ட் என்னிடம் இருக்கிறது, நீல நிறம், துவைத்து வைத்திருக்கிறேன், உங்கள் நாய்க்குச் சரியாக இருக்கும். அந்த இருமலை மட்டும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தினமும் ஆறு மணிக்குக் கல்மண்டபம் டீக்கடைப் பக்கம் ஜூலியோடு நிற்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.