தங்கச்சியின் நோவும் பெருமூச்சும்

ஸ்காபரோ, கனடா

அன்பின் குணம்,

நலம். உன் முழங்கால் நோ தணிந்திருக்கும் என நம்புகிறேன். தங்கச்சியைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லியிருந்தாய். செவ்வாய்க்கிழமை அவளுக்கு மொழிபெயர்க்க நானே மருத்துவமனைக்குப் போனேன். நடந்ததை உனக்கு எழுதும்படி அவளும் சொன்னாள்.

ஈராண்டாக அவளுக்குத் தோள் நோ, தலையிடி, நித்திரையின்மை, ஓயாத பெருமூச்சு. முன்பொருமுறை, "நெஞ்சு அடைக்குது" என்று அவள் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க, மருத்துவர் இரத்தக்குழாய் அடைப்பைத் தேடி, ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். துக்கத்தையும் நாம் அப்படித்தான் சொல்வோம் என்று அன்றே நான் விளக்கியிருக்க வேண்டும்.

இம்முறை தோளுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கான படிவத்தில், உடலுக்குள் உலோகம் ஏதும் உண்டா என்றொரு கேள்வி இருந்தது. அதை வாசித்ததும் அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டு, வலத் தோளுக்குக் கீழே விரலை ஊன்றி, "மாத்தளன்" என்று மட்டும் சொன்னாள். 2009 ஏப்ரலில், இறுதிப் போரின்போது அங்கே பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, குணம். வெளிக்காயம் ஆறிவிட்டதால் உங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லையாம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப் புலத்தில் அது அசையக்கூடும் என்பதால் அன்று ஸ்கான் எடுக்கவில்லை.

ஆகவே, எல்லாம் மனதில்தான் என்று எவரும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவளுடைய சீனி வருத்தமும் பிறஷரும் உண்மையானவை. அச்சம் நீங்காத உடலில் கோர்ட்டிசோல் போன்ற அழுத்த ஹோர்மோன்கள் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். நித்திரையில்லாமல் இரவு வேலைக்குப் போய், மனம் சோர்ந்த நாட்களில் குளிசையையும் விட்டுவிட்டால் உடல் எப்படித் தாங்கும்? கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அகதிகளாகக் குடியேறிய கம்போடியர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், வந்து 20 ஆண்டுகள் கழிந்தும் நூற்றுக்கு 62 பேருக்கு, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோய் (PTSD) இருந்தது. நம் சனத்தின் மன நோவு உடல் நோவாக வெளிப்படுவதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்.

நீ தொலைபேசியில் எடுத்தவுடன் குளிசை போட்டாயா என்று கேட்கிறாயாம். அக்கறையில்தான் கேட்கிறாய், ஆனால் அவள் கணக்கு ஒப்புவிப்பதுபோல் உணர்கிறாள். மாத்தளனைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவள் தொடங்கினால் இடைமறிக்காமல் கேள். வருகிற வியாழக்கிழமை, காந்தம் இல்லாத சீ.ரி. ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி