தியாகப் பேச்சு போதும், டியூட்டி பட்டியலைப் பேசுவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

துணையில்லாமல் சின்னப் பிள்ளையை வளர்த்துக்கொண்டே மருத்துவம் படிப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும்போது 'தியாகம்', 'விடாமுயற்சி' என்ற சொற்களைத் தாண்டிப் போவதில்லை. படிக்கச் சேர்ந்திருக்கும் அந்தத் தாய்க்கோ தந்தைக்கோ அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. அவர்களில் பலர் இடறி விழுவது பாடத்தில் அல்ல, காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில்.

வகுப்பறைப் பாடம் நடக்கும் முதல் ஆண்டுகளில் கல்லூரி நேரமும் குழந்தைகள் காப்பக நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். மருத்துவமனைப் பிரிவுகளில் மாறி மாறிப் பயிற்சி பெறும் வார்டு போஸ்டிங் தொடங்கியதும் அந்தக் கணக்கு உடைந்துவிடும். அறுவைசிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும் ரவுண்ட்ஸ் 7 மணிக்கு என்றால், மாணவர் அதற்கு முன்பே வார்டுக்குப் போய்த் தன் நோயாளிகளைப் பார்த்து, இரவு என்ன நடந்தது என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். காப்பகம் திறப்பதோ 8 மணிக்கு. மாலையில் 4 மணிக்கு முடிய வேண்டிய ஆபரேஷன் 6 மணி தாண்டியும் இழுக்கும். ஆகவே நாள் முழுக்க ஆள் தேடி அலைய வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், இந்த இரண்டு முனைகளுக்கு மட்டும் நம்பகமான ஒருவர் போதும். அவரைப் போஸ்டிங் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே பிடித்து, வகுப்பு நாட்களிலேயே பிள்ளையைப் பழக்கிவிட வேண்டும். முதல் போஸ்டிங்கும் புது முகமும் ஒரே வாரத்தில் வந்தால் பிள்ளையின் அழுகையோடுதான் வார்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

காப்பகம் வீட்டருகே வேண்டுமா, மருத்துவமனையருகே வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பால் குடிக்கும் குழந்தையென்றால் முதல் ஆண்டுகளில் கல்லூரிப் பக்கம் இருப்பது நல்லது. போஸ்டிங் காலத்துக்கு வீட்டருகேதான் சரி என்பது என் உறுதியான கருத்து. சில வாரத்துக்கு ஒருமுறை பிரிவு மாறும், சில சமயம் மருத்துவமனையே மாறும். வீடு மாறாது, பிள்ளையை அழைத்துவர உதவும் அக்கம்பக்கத்தவரும் மாறமாட்டார்கள்.

இனி காய்ச்சல். சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. காப்பகம் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடலாம். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் பல காப்பகங்கள் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நாள் என்று வைத்தாலே ஆண்டுக்கு 12 முதல் 16 நாள் போய்விடுகிறது. வருகைப்பதிவு விதியை எடுத்து வைத்து, எத்தனை நாள் விடுப்பு தாங்கும் என்று வருடத் தொடக்கத்திலேயே எண்ணிவிட வேண்டும். தன் உடம்புக்காக எடுக்கும் விடுப்பை அதில் தொடக்கூடாது.

நோயாளியை அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும்போது எப்படிக் குறிப்பு எழுதுகிறோமோ, அதே ஒழுங்கில் பிள்ளையை ஒப்படைக்கவும் ஒரு தாள் வேண்டும். அதில் முதல் வரி எடை. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். சிரப் பாட்டிலில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் இருக்கும், 250 மில்லிகிராம் என்றும் இருக்கும். முதலாவதில் ஏறக்குறைய 6 மில்லி கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இரண்டாவதில் 3 மில்லிதான். தாளில் '6 மில்லி' என்று மட்டும் எழுதி, வீட்டில் 250 மில்லிகிராம் பாட்டில் இருந்துவிட்டால் இரட்டிப்பு மருந்து உள்ளே போகும். எனவே பாட்டிலின் மேலேயே அளவை ஒட்டுங்கள்; கடைசியாகக் கொடுத்த நேரத்தைக் கொடுத்தவர் எழுத ஒரு கோடு விடுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

கைகழுவிக் கையுறை போட்டு ஆபரேஷன் மேசையருகே நிற்பவரின் போன் லாக்கரில் கிடக்கும். காப்பகம் பத்து முறை அழைத்தாலும் பயனில்லை. ஆபரேஷன் தியேட்டரின் நேரடி எண்ணையும், பெற்றோரிடம் கேட்காமலே முடிவெடுக்க உரிமை உள்ள இரண்டாமவரின் எண்ணையும் கொடுத்து வைக்க வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்லவும் சிகிச்சைக்குச் சம்மதிக்கவும் அவருக்கு எழுத்துமூல அனுமதி தேவை. அது இல்லாமல் வாசலில் நிறுத்தப்படும் தாத்தா பாட்டிகள் பாவம்.

பால் கொடுப்பவர் ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை எடுத்தாக வேண்டும். விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். எடுத்த பால் 25 டிகிரிக்குள் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். நீண்ட ஆபரேஷன் இருக்கும் நாளில் உள்ளே போகுமுன் எடுத்துவிடுவதே வழி.

படிப்புக்கு, பிள்ளை தூங்கிய பிறகு உட்காரலாம் என்ற திட்டம் பெரும்பாலும் தோற்கும். இருட்டறையில் முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பவர்தான் முதலில் தூங்கிப்போவார். 9 மணிக்குச் சேர்ந்தே படுத்து 4 மணிக்கு எழுந்தால் 7 மணி நேரத் தூக்கமும் ஒன்றரை மணி நேர அமைதியும் கிடைக்கும். புரிந்து படிக்க வேண்டிய பாடத்தை அப்போது வைத்துக்கொண்டு, மருந்துப் பெயர், நரம்புப் பாதை போன்ற மனப்பாடங்களை வார்டில் கிடைக்கும் பத்துப் பத்து நிமிடங்களுக்குத் தள்ளிவிடலாம்.

நைட் டியூட்டி முடிந்து வரும் காலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தக் களைப்பில் கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாயக்கூடாது. குழந்தை மூச்சுத் திணறி இறக்கும் ஆபத்து அங்கே மிக அதிகம். காலை உதவியாளரை அன்று இன்னும் நான்கு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள்.

மருத்துவக் கல்லூரிகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டியூட்டி பட்டியலை ஆறு வாரம் முன்பே கொடுங்கள். மாணவர்கள் தங்களுக்குள் இரவுகளை மாற்றிக்கொள்ள விடுங்கள். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போன இரண்டு நாளுக்காக முழுப் போஸ்டிங்கையும் திரும்பச் செய்யச் சொல்லாமல் அந்த இரண்டு நாளை மட்டும் ஈடுசெய்ய அனுமதியுங்கள். பால் எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு அறையும் அதில் ஒரு ஃப்ரிட்ஜும் வையுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ மாணவர் ஆலோசனைப் பணியில் உள்ள ஒரு வாசகர்