ஜூலை 1-க்கு முன்பா, பின்பா

கும்பகோணம்
22 பிப்ரவரி 2026

அன்புள்ள சுதாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ கேட்ட வங்கிச் சான்று வந்துவிட்டது. வலங்கைமான் நிலப் பணத்தில் நம் இருவர் பேரிலும் போட்ட டெபாசிட், அதோடு சேமிப்புக் கணக்கு, இரண்டுக்கும் 2025-இல் இருந்த அதிகபட்ச இருப்பை மேனேஜரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். பாதித் தொகையைக் காட்டினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. வெளிநாட்டுக் கணக்கெல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க அரசுக்கு எஃப்பார் என்ற கணக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கூட்டுக் கணக்கானாலும் முழுத் தொகையைத்தான் காட்ட வேண்டும்.

போன வருஷம் வரை இதை மாப்பிள்ளைதான் கேட்பார். ஜனவரி பிறந்ததும் எக்செல் தாளோடு மெயில் வந்துவிடும். இந்த வருஷம் நீ கேட்டாய். "என் பேரில் இருப்பது மட்டும் போதும்" என்று வேறு எழுதியிருந்தாய். சரி, வீட்டு வேலையைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

எஃப்பார் பற்றித் தேடும்போது அந்த ஊர் வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் 504 என்று ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. யாருக்கானது என்று நீயே பார்த்துக்கொள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்தேன். "என்ன மேடம், ஏதாவது பரீட்சையா" என்று கேட்டான் அந்தப் பையன். சர்வீஸ் முழுக்கச் சார்கருவூலத்தில் பில் பார்த்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. அங்கே உனக்குத் தெரிந்த பெண் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கு ஒரு பான், ஆளுக்கு ஒரு ரிட்டர்ன். அப்பா சம்பளமும் என் சம்பளமும் ஒரே தாளில் வந்ததே கிடையாது. அங்கே டிசம்பர் 31 அன்று நீ யார் என்பதுதான் கணக்கு. அன்றைக்குக் கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பு கையில் இல்லையென்றால் வருஷம் முழுக்கக் கல்யாணமானவள். இருவரும் வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளும் பிரிவு ஒப்பந்தம் மட்டும் போதாது. அதுவும் நார்த் கரோலினாவில் ஒரு வருஷம் தனித்தனி வீட்டில் இருந்த பிறகுதான் விவாகரத்துக் கேட்டு மனுவே போட முடியுமாம். ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் இருந்தால் அது கணக்கில்லை. ஆகவே அங்கே கேரி ஊரில் இருக்கிற ஒரு பெண் பிரிந்த கையோடு 'சிங்கிள்' என்று எழுதிவிட முடியாது. கூட்டு ரிட்டர்ன், தனி ரிட்டர்ன், இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கூட்டாகப் போட்டால் வரி குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவருக்கு நிறையச் சம்பளம், இன்னொருவருக்குக் குறைவு என்றால் குறையும்தான். உங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், இப்போது உனக்கே அதிகம். (டீம் லீட் ஆனதை நீ சொல்லவில்லை, வித்யா சொன்னாள். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.) அப்படியிருக்கக் கூட்டாகப் போட்டு என்ன பெரிய லாபம்? ஆனால் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளில் இருக்கிற ஒவ்வொரு டாலருக்கும் இருவரும் பொறுப்பு, கூட்டாகவும் தனித்தனியாகவும். அவர் பங்கு வரியை அவர் கட்டாவிட்டால் உன்னிடம் வசூலிப்பார்கள். பிறகு விவாகரத்துத் தீர்ப்பிலேயே "இது அவர் பொறுப்பு" என்று எழுதியிருந்தாலும் ஐஆர்எஸ் அதற்குக் கட்டுப்படாது. ராஜு சித்தப்பா எங்கே கையெழுத்துப் போட்டார் என்று உனக்குத் தெரியும். சித்தி இன்றைக்கும் அந்தப் பேங்க் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மாப்பிள்ளையைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் ஆப்ஷன் டிரேடிங், கிரிப்டோ என்று உட்கார்ந்திருப்பாரே, அதில் எது வந்தது எது போனது என்று உனக்குத் தெரியுமா? படிவம் 8857 போட்டு 'எனக்குத் தெரியாது' என்று விடுவித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். எம்எஸ் படித்த பெண் போய்த் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால் முதலில் தனியாகப் போடு. தனியாகப் போட்டதை மூன்று வருஷத்துக்குள் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகப் போட்டதை ஏப்ரல் 15 தாண்டிய பிறகு பிரிக்க முடியாது. நான் வரியைத்தான் சொல்கிறேன்.

தனியாகப் போடுவதில் நஷ்டமும் இருக்கிறது. குழந்தையை டே-கேரில் விடுவதற்கான சலுகை பெரும்பாலும் கிடையாது. படிப்புக் கடன் வட்டியைக் கழிக்க முடியாது. அவர் வீட்டுக் கடன் வட்டியெல்லாம் சேர்த்து ஐட்டமைஸ் (செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழிப்பது) பண்ணினால் நீயும் அப்படித்தான் பண்ண வேண்டும், ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உனக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் 2025-க்கு 15,750 டாலர்தான்.

இப்போது அந்த மூன்றாவது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது குடும்பத் தலைவர். அதற்கு அந்த டிடக்‌ஷன் 23,625 டாலர். வரி அடுக்கும் சாதகமாக இருக்கும். அவர் ஐட்டமைஸ் பண்ணினாலும் உன்னைக் கட்டுப்படுத்தாது, டே-கேர் சலுகையும் திரும்பக் கிடைக்கும். விவாகரத்து ஆகாமலே சிலரை 'கல்யாணமாகாதவர் மாதிரி' வைத்துக்கொள்கிறார்கள். நீ தனி ரிட்டர்ன் போட வேண்டும். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உன் பணமாக இருக்க வேண்டும்: வாடகை அல்லது கடன் வட்டி, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், கரண்ட், தண்ணீர், வீட்டில் சாப்பிடும் சாப்பாடு. துணிமணியும் ஸ்கூல் பீஸும் இதில் சேராது. குழந்தை பாதி வருஷத்துக்கு மேல் உன் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அப்புறம், வருஷத்தின் கடைசி ஆறு மாதமும் புருஷன் அந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாது. ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை, ஒரு நாள்கூட.

ஆக, ஜூலை 1-க்கு முன்பா பின்பா என்பதுதான் விஷயமே. ஜூன் கடைசியில் போயிருந்தால் ஒரு கணக்கு, ஆடி பிறந்த பிறகு போயிருந்தால் வேறு கணக்கு.

இன்னொன்று. ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தால் அது வீட்டில் இருந்ததாகத்தான் அர்த்தம் என்று அதே புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆடிப் பெருக்கன்று அப்பா கேட்டதற்கு "அவர் டூரில் இருக்கிறார்" என்றாய். விநாயகர் சதுர்த்திக்கும் டூர். தீபாவளிக்கும் டூர். அது டூர்தான் என்றால் நான் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு, உனக்கு அந்தக் கட்டம் பொருந்தாது. எங்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அந்தத் தாளில் பொய்ச் சாட்சிக்குரிய தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்துப் போடுகிறாய், அதை நினைவில் வைத்துக்கொள்.

பொங்கலன்று வீடியோவில் ஆதி தன் புதுக் கட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜன்னலைத் திறந்தால் குளமும் வாத்தும் தெரியுமாம். உன் வீட்டு ஜன்னலில் பக்கத்து வீட்டு மரவேலிதான் தெரியும், அங்கே வந்து தங்கியவள்தானே நான். நீ சட்டென்று போனை வாங்கிக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலண்டர் வைத்துக்கொண்டு குழந்தை எந்த ராத்திரி எங்கே தூங்கினான் என்று குறித்து வை. யாரிடம் அதிக ராத்திரி இருந்தானோ அவர்தான் ஐஆர்எஸ் கணக்கில் குழந்தையை வைத்திருப்பவர். சரிபாதி வந்தால் யாருக்கு வருமானம் அதிகமோ அவர். படிவம் 8332 என்று ஒன்றை யாராவது நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அதைக் கொடுத்தால் குழந்தைக்கான 2,200 டாலர் சலுகை அவருக்குப் போய்விடும். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் மட்டும் போகாது, குழந்தை தூங்கின வீட்டோடுதான் அது இருக்கும்.

வித்யா சொல்வதை வைத்து முடிவு பண்ணாதே. அவள் இருப்பது டெக்சாஸ். அங்கே தனி ரிட்டர்ன் போட்டாலும் புருஷன் சம்பாத்தியத்தில் பாதியை நீ காட்ட வேண்டியிருக்கும். உன் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. நான் அவளிடம் பொதுவாகத்தான் கேட்டேன், யாருக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. சித்தி மகளுக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியக் கூடாதா? சின்ன வயசில் மார்க் ஷீட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்த பெண்தானே நீ. அன்றைக்கும் கணக்கில் தொண்ணூற்றெட்டு, தமிழில்தான் குறைவு. பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை அதில்.

சிபிஏ ஒருவரைப் பார், நம் ஊர் ஆடிட்டர் மாதிரி. மாப்பிள்ளையின் சிபிஏ வேண்டாம், உனக்கென்று தனி ஆள். நேரம் போதவில்லையென்றால் படிவம் 4868 போடு, அக்டோபர் 15 வரை தள்ளலாம். பணத்தை மட்டும் ஏப்ரல் 15-க்குள் கட்டிவிட வேண்டும், அது தள்ளாது. சம்பளத்தில் வரி பிடிப்பதற்காக ஆபீசில் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தையும் மாற்று, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும். சிபிஏ பீஸோ வேறு பீஸோ எதற்கானாலும் வலங்கைமான் டெபாசிட்டை உடைக்கலாம். பாதி உன் பணம், மீதியையும் நான் சும்மாதான் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டுக் கூட்டாக மட்டும் போட்டுவிடாதே.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. மாசி மகத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் காலி பண்ணிவிட்டார்கள், வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். யாருக்கும் வாடகைக்கு விடுவதாக இல்லை. ஆதிக்கு வசந்த கால லீவு எப்போது என்று எழுது.

அப்பா காலை ஆறு மணிக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போனால் ஏழுக்குத்தான் திரும்புவார். உனக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி ஏழரை. அந்த நேரத்தில் கூப்பிடு, நான் மட்டும்தான் இருப்பேன். எடுக்காவிட்டால் பால்காரர் வந்திருப்பார், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடு.

அன்புடன்,
அம்மா