ஒரு செய்திக்கு மாற்றிய மொழி, அடுத்த செய்திக்கும் ஒட்டக்கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். நிரல் அனுப்பும் ரசீதும் குறுஞ்செய்தியும் அவரவர் மொழியில் போக வேண்டும். தெலுங்கில் ஒன்று போனதும், அடுத்தவருக்கான தமிழ்ச் செய்தியும் தெலுங்கிலேயே போனால் மொழிபெயர்த்தவரைத்தான் திட்டுவார்கள். குற்றம் நிரலில் இருக்கிறது.

பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவில் (Django) 'ஆக்டிவேட்' (activate) கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டின் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழையின்) மொழியை மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடும். பின்னணியில் ஒரே திரெட் பல வேலைகளை வரிசையாகச் செய்யும்போது பழைய மொழி ஒட்டிக்கொள்கிறது. கடைசி வரியில் பழைய மொழிக்குத் திருப்பினால் போதாது. நடுவில் பிழை வந்தால் அந்த வரி ஓடவே ஓடாது. 'வித்' (with) தொகுதிக்குள், அதாவது அந்தச் சில வரிகளுக்கு மட்டும், மொழியை மாற்றும் 'ஓவர்ரைடு' (override) பயன்படுத்துங்கள். பிழை வந்தாலும் வெளியேறும்போது பழைய மொழி தானே திரும்பும்.

இன்னொரு கண்ணி உண்டு, இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 'கெட்டெக்ஸ்ட் லேசி' (gettext_lazy) என்று குறித்த சொற்றொடர் உடனே மொழிபெயராது; அச்சாகும், அதாவது எழுத்தாக மாறும் நொடியில்தான் மொழிபெயரும். தொகுதிக்கு வெளியே அச்சானால் மாற்றிய மொழி பயன்படாது. உள்ளேயே 'எஸ்டிஆர்' (str) போட்டுச் சரமாக்கிவிட (சாதாரண எழுத்துத் தொடராக்கிவிட) வேண்டும்.

பைத்தானின் 'செட்லொகேல்' (setlocale) பக்கம் போகவே வேண்டாம். அது தேதி, எண் வடிவம் போன்ற வட்டார அமைப்பை முழு நிரலுக்கும் மாற்றும்; பக்கத்துத் திரெட்டும் கெடும்.

சோதிக்கும்போது தெலுங்கு, தமிழ், கன்னடம் என மாற்றி மாற்றி அனுப்புங்கள். நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்பி, அடுத்த செய்தி எந்த மொழியில் வருகிறது என்று பாருங்கள். தமிழில் மட்டுமே சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர், ஓசூர்