அப்பாவிடம் ஒரு வலை கேட்கிறேன்

லெஸ்டர், இங்கிலாந்து,
14.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் தம்பியும் நலமா? மூட்டு வலி குறைந்ததா?

போன ஞாயிறு போனில், "பூனையைப் போய் வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கியே, பாவம் இல்லையா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அப்பாவோ போனைக் காதில் வைக்கவே மாட்டார். அதனால்தான் எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அப்பா வீட்டில்தான் இருப்பார். தம்பியை உரக்கப் படிக்கச் சொல்.

குட்டிகள் இரண்டும் பெட்டை. பெரியவள் சங்கரா, உடம்பு செம்பட்டை. ஒல்லியாக, சாம்பல் நிறத்தில் இருப்பவள் நெத்திலி. இப்போது பன்னிரண்டு வாரம் ஆகிறது. சமையலறைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, அதைத் தாண்டினால் தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக நினைக்காதே. நீளம் 18 அடி, அகலம் 14 அடி, கொஞ்சம் புல், ஓரமாக ஒரு புதர். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மரவேலி. காலையில் நான் நைட் டியூட்டி முடிந்து வரும்போது இரண்டும் அந்தக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெளியே ஒரு வண்டு பறந்தால் போதும், நெத்திலியின் கீழ்த்தாடை படபடவென்று ஆடும். தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும், அழுவதா கூப்பிடுவதா என்று தெரியாத மாதிரி. அதைப் பார்த்தால் எனக்கும் மனசு கேட்கவில்லை அம்மா. நீ சொல்வது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் நம் வீட்டுப் பூனைகளையும் நினைத்துப் பார். ஆயா வளர்த்த வெள்ளைப் பூனை எத்தனை முறை குட்டி போட்டது? அதில் எத்தனை நிலைத்தது? காக்கா கொத்தியது ஒன்று, நாய் கவ்வியது ஒன்று. காதில் கறுப்புப் புள்ளி வைத்த குட்டி, நான் ஆறாவது படிக்கும்போது என் பாயில் தூங்குமே, அது எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஓடி அடிபட்டது. அப்பா பழைய லுங்கியில் சுற்றிக் கொண்டுபோய் கடலோரக் கல்லுக்கு இந்தப் பக்கம் புதைத்தார். வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை, நீ எனக்குத் தட்டில் சோறு மட்டும் போட்டு வைத்தாய். அன்று கதவைத் திறந்து விட்டவள் நான்தான். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அதனால் இவர்களை வெளியே விடத்தான் போகிறேன், ஆனால் இப்போது இல்லை. இரண்டாவது தடுப்பூசி போன வாரம்தான் போட்டோம். நான்கு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன். பெட்டைக்கு அந்த வயதிலேயே சினை பிடித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அப்போதே கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப்பும் வைத்துவிடுவார்கள். தொலைந்துபோனால் யாராவது கருவியை வைத்துப் பார்த்து, அந்த எண்ணைக் கொண்டு என்னைக் கண்டுபிடிக்கலாம். இங்கே 2024 ஜூனிலிருந்து இது சட்டம். இருபது வாரத்துக்குள் சிப் வைக்க வேண்டும். வைக்காமல் பிடிபட்டு, கொடுத்த கெடுவுக்குள்ளும் வைக்காவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம், நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல்.

தோட்டத்தையும் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். முன்பு குடியிருந்தவர் வேலியோரம் லில்லி நட்டிருக்கிறார். நம்ம ஊர் அல்லி இல்லை, இது கிழங்கிலிருந்து முளைக்கிற பூச்செடி. மகரந்தம் முடியில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூ வைத்த ஜாடித் தண்ணீர் கூட விஷம். விடுமுறை நாளில் மண்வெட்டி வாங்கிவந்து ஒவ்வொரு கிழங்காகத் தோண்டி எடுத்தேன். ஷெட்டில் நத்தைக்குப் போடும் பழைய நீல மருந்து ஒரு டப்பா இருந்தது. அதில் இருக்கிற மெட்டால்டிஹைடு என்ற விஷத்தை 2022இலேயே இங்கே தடை செய்துவிட்டார்கள். அதைக் குப்பையில் போடாமல், அப்படிப்பட்டவற்றை வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி, "இந்த ஊரில் பூனை வெளியே சுற்றத்தான் செய்யும், ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இங்கே நாய்க்கும் நரிக்கும் வெறிநோய் கிடையாது, தெரு நாயும் கிடையாது. ஆனால் முன்பக்கம் கார் ஓடுகிற ரோடு. பின்பக்கப் புதரில் ஒரு கறுப்புக் குருவி கூடு கட்டியிருக்கிறது, ஆணுக்கு அலகு மஞ்சள். குஞ்சுகள் இப்போதுதான் இறங்கித் தரையில் தத்துகின்றன. என் பிள்ளைகளுக்கு நான் பயப்படுவது போல அதற்கும் இருக்கும் அல்லவா? அதுகள் பறந்து போகட்டும்.

கூப்பிட்டால் வருவதற்கு உன் வழியைத்தான் பழக்கியிருக்கிறேன். நீ அருவாமணையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டால் தெருப் பூனை எல்லாம் வாசலுக்கு வந்துவிடுமே. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் சோறு வைக்கிறேன். இப்போது மாடியில் தூங்கினாலும் அந்தச் சத்தத்துக்கு உருண்டு புரண்டு ஓடி வருகிறார்கள். முதல் நாள் வெளியே விடும்போது பசியோடு விடுவேன், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். கதவைத் திறந்தே வைத்து, நானும் புல்லில் உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிடம் போதும். இருட்டினால் கண்டிப்பாக உள்ளே.

இப்போது அப்பாவுக்கு. வேலி மேலே, உள்பக்கமாகச் சாய்ந்த மாதிரி வலை கட்டினால் பூனை ஏறித் தாண்ட முடியாது. கடையில் விற்கிறார்கள், ஆனால் இழுத்துப் பார்த்தால் முடிச்சு நகர்கிறது. தொய்ந்தால் குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும். அப்பா போடுகிற முடிச்சு நகராது. வீட்டு ஓனரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பாட்டியும் சரி என்றார்.

ஒற்றை இழை நைலான் நரம்பு வேண்டாம், அறுத்துவிடும். முறுக்கின நூல், கறுப்பு. வலைக்கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், நெத்திலிக்குத் தலை சின்னது. மூன்று பக்கத்துக்கும் சேர்த்து நீளம் 50 அடி, அகலம் 2 அடி. மேலும் கீழும் கயிறு கோத்து, மூலைகளில் கட்ட ஒரு முழம் கூடுதலாக விடச் சொல். சித்தி மகன் ஜூலையில் இங்கே படிக்க வருகிறான், அவன் பெட்டியில் மடித்து வைத்துவிடு. நூலுக்கான பணத்தைத் தம்பி கணக்கில் போட்டுவிட்டேன். அப்பா வேண்டாம் என்பார், கேட்காதே.

உன் மகள்