நட்சத்திரம் மீனான கதை

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு கிறிஸ்துமஸ் மரம்தான் காரணம். நீ கேட்டிருப்பதும் மரத்தைப் பற்றித்தான் என்பதால் திட்டு வாங்காமல் தப்பிக்கிறேன். நேற்று ராத்திரிதான் ஒருவழியாக வேலை முடிந்தது. உள்ளங்கையில் இன்னும் பிசின். சோப்புக்கு அது மசியாது. முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போட வேண்டும். இதை நான் கண்டுபிடிப்பதற்குள் கதவுக் கைப்பிடி, சுவிட்சு, சின்னவன் தலைமுடி என்று எல்லாவற்றிலும் பிசின் ஏறிவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நம்மைத் திட்டிக்கொண்டே மாடிக்கும் கீழுக்குமாக ஓடிய அந்த அம்மாவா கைத்தடி பிடிக்கிறார் என்று மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தினமும் கொஞ்சம் நடக்கச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார், தெரியும். பேத்தியை விட்டுக் கூப்பிடச் சொல், எழுந்து வருவார். என் பக்கம் பெரிய செய்தி ஒன்றுமில்லை. படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. வேலையில் அதே பழைய கதை.

சரி, மரம்.

நிஜ மரமா, பிளாஸ்டிக் மரமா, எங்கே தொடங்குவது, இந்த வாண்டுகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். நடக்கும். ஆனால் படங்களில் பார்க்கிற மரம் உனக்குக் கிடைக்காது. அந்த ஆசையை மட்டும் இப்போதே மூட்டை கட்டி வைத்துவிடு.

மரம் வாங்கக் கிளம்பும் முன் வீட்டுக் கூரையின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொள். திறந்தவெளியில் நிற்கும்போது எந்த மரமும் குள்ளமாகத்தான் தெரியும். முதல் வருடம் இவர் கண்ணாலேயே அளந்து, "கரெக்டா இருக்கும்" என்று ஒன்றைத் தூக்கி வந்தார். ஸ்டாண்டில் நிறுத்தியதும் நுனி கூரையில் முட்டி வளைந்தது. உச்சியை வெட்டி, மொட்டைத் தலையில் நட்சத்திரத்தை வைத்து ஒப்பேற்றினோம். ஸ்டாண்டுக்கு அரை அடி, நட்சத்திரத்துக்கு அரை அடி. இரண்டையும் கழித்தது போகத்தான் மரம்.

இந்த வருடம் தேர்ந்தெடுத்தது பெரியவள். ஆறு வயதாகிறதே, யாராவது வந்தால் ஓடி ஒளியாமல் கை குலுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, ஒவ்வொரு மரத்தின் கிளையையும் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் மரத்திலேயே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "இவருக்கு என்னைப் பிடிக்கலம்மா, குத்துறாரு" என்றாள். அது ஸ்ப்ரூஸ். அதன் ஊசியிலைக்கு நாலு பட்டை உண்டு. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளும், நுனி சுருக்கென்று குத்தும். நாலு வரிசை தள்ளி ஒரு மரத்திடம் போய் அப்படியே நின்றுவிட்டாள். அது நார்ட்மன் ஃபிர். ஃபிர் மரத்தின் இலை தட்டையாக இருப்பதால் உருளாது. நார்ட்மனுக்கு நுனியும் மழுங்கல். வீட்டுக்குள் இலை கொட்டுவதிலும் நார்வே ஸ்ப்ரூஸைவிட அது எவ்வளவோ மேல். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். ஸ்ப்ரூஸின் வாசனை ஒரு படி தூக்கல் என்பது உண்மை. ஆனால் வாசனைக்காக முட்டியில் ஊசி குத்திக்கொண்டு நிற்க முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் செய்ததுதான் மரம் புதிதா என்று பார்க்கும் முறையும். கிளையை லேசாகப் பிடித்து உன் பக்கமாக உருவிப் பார். கையில் இலை வராவிட்டால் நல்ல மரம், கைநிறைய வந்தால் அது வெட்டி நாளாகிவிட்டது. உள்பக்கத்திலிருந்து பழுப்பு இலை கொஞ்சம் உதிரும், அதற்குப் பயப்படாதே. அவள் பிடித்த மரம் புதிதுதான். ஆனால் ஒரு பக்கம் முழுக்கச் சொட்டை. நான் பக்கத்து மரத்தைக் காட்டினேன். "இவருதான் நல்லா கை குடுத்தாரு" என்று நகர மறுத்துவிட்டாள். சொட்டையைத் திருப்பி வைக்கத்தான் வீட்டில் சுவர் என்று ஒன்று இருக்கிறதே, வாங்கிவிட்டோம். ஆறடி மரம் வளர ஏழிலிருந்து பத்து வருடம் ஆகும் என்று இவர் விளக்கப் போக, "அப்போ என்னைவிடப் பெரியவரா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மரத்துக்குப் பெயர் அண்ணன். "அண்ணனுக்குத் தண்ணி வெச்சாச்சா?" என்று காலையில் எழுந்ததும் விசாரணை.

தண்ணீர் விஷயத்தில்தான் போன வருடம் நாங்கள் கோட்டை விட்டோம். அடியை வெட்டித்தான் வைத்திருக்கிறோம் என்று விற்றவர் சொன்னதை நம்பி, அப்படியே கொண்டுவந்தோம். எப்போதோ வெட்டியது அது. வெட்டுவாய் சில மணி நேரத்திலேயே பிசினால் மூடிக்கொள்ளும். அப்புறம் மரம் தண்ணீர் இழுக்கத் திணறும். போதாததற்கு அடிமரம் ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை என்று இவர் கத்தியை எடுத்துச் சுற்றிலும் பட்டையைச் சீவிவிட்டார், பென்சில் சீவுகிற மாதிரி. பட்டைக்கு அடியில் இருக்கும் வெளிச்சுற்று மரம்தான் நன்றாகத் தண்ணீர் இழுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டாண்டில் தண்ணீர் குறையவே இல்லை. ஐந்தாம் நாள் நான் பெருக்கிய குப்பையைப் பார்த்திருந்தால் அழுதிருப்பாய். கிறிஸ்துமஸ் அன்று அலங்காரம் மட்டும் பத்திரமாக இருந்தது.

அதனால், வீட்டுக்கு வந்தவுடன் அடியில் ஓர் அங்குலம் ரம்பத்தால் நேராக அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் வை. அடிமரத்தின் குறுக்களவில் அங்குலத்துக்கு ஒரு லிட்டர் என்று ஒரு நாள் கணக்கு வைத்துக்கொள். முதல் நாள் அதற்கு மேலும் குடிக்கும். சர்க்கரை போடு, மாத்திரை போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்; வெறும் தண்ணீர் போதும். சின்னவனிடம் ஒரு குவளையைக் கொடுத்து, ஊற்றும் பொறுப்பையும் கொடுத்தேன். மூன்று வயதுக்காரனுக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை. இரண்டாம் நாள் மூடியில்லாத பால் டம்ளரோடு வந்தவனை நல்லவேளை வழியிலேயே பிடித்துவிட்டேன்.

உன் சின்னதுக்கு இன்னும் இரண்டு வயதுகூட முடியவில்லை என்பதால், இந்த வருடம் பிளாஸ்டிக் மரமே போதும் என்பேன். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்திருக்கிறார்கள். எது வாங்கினாலும் நடுத்தண்டில் நைலான் நூல் கட்டி ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டிவிடு. நிற்கப் பழகும் பிள்ளைக்குக் கையில் அகப்படுவதெல்லாம் கைப்பிடிதான்.

பட்டன் பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாடுகிற, மின்னுகிற குட்டிப் பொம்மைகளுக்குள் நாணயம் போல இருக்கிறதே, அது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மை எங்கள் வீட்டுக்குள் வராது. தின்பண்டம் போலவே இருக்கும் தொங்கல்களையும் உச்சியில் கட்டு. உன் சின்னது கடித்துத்தான் பார்க்கும். பழைய பெட்டி ஏதாவது கைக்கு வந்து, அதில் வழக்கத்தைவிடக் கனமான வெள்ளி ஜிகினாச் சரம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. முன்பு அதை ஈயத்தில் செய்தார்கள். அமெரிக்காவில் 1972 வாக்கில்தான் நிறுத்தினார்கள்.

சீரியல் விளக்கைப் பிள்ளைகள் தூங்கின பிறகு நீயே சுற்றிவிடு. சிக்கெடுப்பதற்குள் அவர்கள் பொறுமை போய்விடும், அடுத்தது உன்னுடையதும். எல்லாம் சுற்றி முடித்துவிட்டு எரியவில்லை என்று உட்காராமல், முதலிலேயே செருகிப் பார்த்துவிடு. அந்தக் காலத்தில் நிஜ மெழுகுவர்த்தியைக் கிளையில் ஏற்றி, பக்கத்தில் வாளியில் தண்ணீரோடு நின்றிருக்கிறார்கள். 1882இல் எடிசனுடைய கூட்டாளி எட்வர்ட் ஜான்சன்தான் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்துக்கு 80 பல்பு கட்டினார். இதைப் பெரியவளிடம் சொன்னேன். "அவங்க வீட்லயும் ஒண்ணு எரியலன்னா எல்லாம் அணைஞ்சுடுமா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதானே கவலை!

இப்போது அலங்காரம். சின்னவனின் பொறுமை பதினைந்து நிமிடம், அதுவும் வயிறு நிரம்பியிருந்தால். எல்லோரும் ஒரே மாலையில் உட்கார்ந்து, பாட்டுப் போட்டு, சிரித்துக்கொண்டே மரத்தை முடிப்பது என்பது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. இரண்டு வருடம் முயற்சி செய்தேன். இரண்டு வருடமும் எட்டு மணிக்கு நான் கத்தினேன், அவர்கள் அழுதார்கள். இந்த முறை உடையாதவற்றை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மரத்தடியில் வைத்துவிட்டேன். தோன்றும்போது வந்து இரண்டு மாட்டுவார்கள், போவார்கள். நேற்று மாட்டியதை இன்று கழற்றுவார்கள். ஒரு வாரம் ஓடியது. வீட்டில் ஒரு சண்டை இல்லை. கண்ணாடிப் பந்துகளை மட்டும் நான் மேலே கட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். பெரியவள் உயரத்துக்கு எட்டிய ஒரே கிளையில் பதினொரு பொம்மை. கிளை தரையைத் தொட்டது. அவள் தூங்கினதும் ஏழு பொம்மையை எடுத்து அங்கங்கே பரப்பினேன். மரம் அழகாகத்தான் ஆனது. காலையில் வந்து பார்த்தவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், "அவங்கல்லாம் கூட்டாளிங்க, பேசிட்டு இருந்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கிளையைத் திரும்பக் கட்டி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று நினைவில்லாமல் அவளிடமே கேட்டுக் கேட்டு மாட்டினேன். முயலுக்குப் பக்கத்தில் மணி, மணிக்குக் கீழே ரயில். வரிசை மாறாமல் சொன்னாள்.

இந்த வருடம் கை வைக்கவில்லை. மரம் இடுப்புக்குக் கீழே திருவிழா, இடுப்புக்கு மேலே அமைதி. வந்து பார்த்த ஒரு உறவுக்கார அம்மா, "கொஞ்சம் பரவலா கட்டியிருக்கலாமே" என்றார். "கட்டினவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். பாதிக்குப் பாதி காகிதம். சின்னவன் செய்த பூ என்பது கசக்கிய சிவப்புக் காகிதம், அவ்வளவுதான். ஆனால் 1605இல் ஐரோப்பாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் வீட்டுக்குள் வைத்த மரங்களைப் பற்றி ஒருவர் எழுதி வைத்திருக்கும் குறிப்பில், தொங்கவிட்டவை என்று வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், இனிப்பு என்றுதான் வருகிறது. கண்ணாடிப் பந்தெல்லாம் ரொம்பப் பிறகு வந்தது. அந்த வகையில் இவன்தான் பழைய முறைக்காரன்.

காகிதம் என்றதும் ஞாபகம் வந்தது. ஹாஸ்டலில் இரண்டாம் வருடம், காய்ந்த கிளை ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்து, பெயின்ட் டப்பாவில் கல்லைப் போட்டு நிறுத்தினோமே! பஞ்சைப் பிய்த்துப் பனி என்றாய். மிட்டாய் சுற்றி வந்த வெள்ளித் தாளை நகத்தால் நீவி நீவி நீ ஒரு நட்சத்திரம் செய்தாய். அறையைக் காலி செய்த அன்று அதை நான் என் அகராதிக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். உனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் எங்கள் மரத்து உச்சியில் அதுதான்.

நாளாகிவிட்டதால் அதன் ஒரு முனை போன வருடமே உடைந்துவிட்டது, இன்னொன்று மடங்கிவிட்டது. இந்த முறை பெட்டியைத் திறந்ததும் சின்னவன் அதைத்தான் முதலில் எடுத்தான். "மீனு!" என்று கத்தினான். நட்சத்திரம்டா என்றேன். திருப்பிப் பார்த்தான். வாலைக் காட்டினான். எனக்கும் வால் தெரிந்துவிட்டது, என்ன செய்வது! மீனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, ஸ்டாண்டுக்கு மேலே, கடைசிக் கிளையில் தண்ணீரைத் தொடுகிற மாதிரி கட்டியிருக்கிறான். தினமும் தண்ணீர் ஊற்றும்போது அதன் மேலும் ஒரு சொட்டு விடுகிறான்.

உச்சி காலியாக இருக்கிறது. பெட்டியில் வெள்ளித் தாள் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் எனக்கு நீவ வரவில்லை, கிழிந்துவிடுகிறது. உன் நகத்துக்கு அது எப்படி மசிந்தது என்று எழுது. உன் வீட்டுக் கூரை எத்தனை அடி என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி