அறுவை சிகிச்சைக்கு அடுத்த இரண்டு நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடலிறக்கம், கர்ப்பப்பை, பித்தப்பை, இடுப்பெலும்பு முறிவு என எந்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாலும், எங்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நோயாளியின் குடும்பத்தார் முதலில் அலைவது ‘ஹார்ட் ஃபிட்னஸ்’ சீட்டுக்காகத்தான். இ.சி.ஜி.யும் எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுத்து அந்தச் சீட்டை வாங்கிவிட்டால், இதயத்தைப் பற்றி இனிக் கேட்க எதுவுமில்லை என்று இருந்துவிடுகிறார்கள். அறுவை வார்டில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், அறுவைக்குப் பின் வரும் நாட்களின் மீது வாசகர்களின் கவனத்தைத் திருப்ப விரும்புகிறேன்.

அறுவையின்போது ஏற்படும் ரத்த இழப்பு, ரத்த அழுத்தச் சரிவு, பின்னர் வலியாலும் காய்ச்சலாலும் கூடும் நாடித் துடிப்பு, ரத்தம் எளிதில் உறையும் தன்மை ஆகியவை சேர்ந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். இது பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் நிகழ்கிறது. வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பவருக்கு நெஞ்சுவலி தெரிவதில்லை; நீரிழிவு உள்ளவருக்குச் சொல்லவே வேண்டாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்து 2017-இல் வெளியான ‘விஷன்’ ஆய்வில், இதயம் அல்லாத அறுவை செய்துகொண்ட, 45 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 22,000 பேரில் ஏறத்தாழ 18 சதவீதத்தினருக்கு இதயத் தசை பாதிக்கப்பட்டிருந்தது ட்ரோபோனின் என்னும் ரத்தப் பரிசோதனையால் தெரியவந்தது. அவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு அறிகுறி எதுவுமே இல்லை.

மாத்திரை விஷயத்தில் இன்னொரு குழப்பம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் இன்று வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனால் அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னதும் எல்லா மாத்திரைகளையும் ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்க நெடுநாள் சாப்பிட்டுவரும் மெட்டோப்ரோலால் வகை மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. சில சர்க்கரை மாத்திரைகளையோ கட்டாயம் நிறுத்த வேண்டும். அதே மெட்டோப்ரோலாலை அறுவை நாளன்று புதிதாகத் தொடங்கியபோது மாரடைப்பு குறைந்தாலும் பக்கவாதமும் இறப்பும் கூடின என்று 2008-இல் வெளியான ‘பாய்ஸ்’ ஆய்வு காட்டியது. எதை நிறுத்துவது, எதை ஒரு மிடறு நீரோடு விழுங்குவது என்று மருத்துவர் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்.

எல்லோருக்கும் எக்கோ தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இதயத்தின் தாங்குதிறனை அறிய, மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏற முடியுமா என்று கேட்பது மருத்துவர்களின் வழக்கம். ஓட்டு வீடுகள் நிறைந்த எங்கள் ஊர்களில், நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க முடிகிறதா என்று கேட்டால் இன்னும் சரியான விடை கிடைக்கும்.

கனடா இதயவியல் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்து மிகுந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் இரண்டு, மூன்று நாட்கள் தினமும் ட்ரோபோனின் பார்க்கச் சொல்கிறது. 65 வயதைக் கடந்தோர், ஏற்கெனவே இதய நோய், பக்கவாதம் வந்தோர், இன்சுலின் போட்டுக்கொள்வோர், சிறுநீரகம் பழுதுற்றோர் ஆகியோருக்காவது டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதை வழக்கமாக்கி, இரவிலும் பரிசோதனை நடக்கச் செய்து, முடிவை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருமாறு சுகாதாரத் துறையைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
மன்னார்குடி